குழந்தை வளர்ப்பும் கூலி வேற்றுமையும்

தொழிலாளர் உரிமைப் போராட்டத்தில் புதுச்சேரி நகருக்குத் தனி இடமுண்டு. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு அரசாங்கத்தின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆயினும், எட்டு மணி நேரத்துடன் வேலை முடிந்தது ஆடவருக்கே. மாதருக்கு வீட்டில் அடுப்பும் தொட்டிலும் காத்திருந்தன. பாகூர், வில்லியனூர் வயல்களில் நடவு நடும் மாதரின் நிலையும் இதுவே. வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்பது மட்டுமன்று. வெளி வேலையின் கூலியையும் அது குறைத்து விடுகிறது.

காரணம் யாது?

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நமது அரசியலமைப்பின் 39-ஆவது விதி காட்டும் நெறி. 1976-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அவ்வாறிருந்தும் வேற்றுமை மறையவில்லை. 2023-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின் இதனை ஆராய்ந்தார். செல்வ நாடுகளில் ஒரே தொழில் புரியும் ஆண், பெண் ஊதிய வேற்றுமை, பெரும்பாலும் முதற் குழந்தை பிறந்த பின்னரே தோன்றுகிறது என்று அவர் காட்டினார். நம் ஊரிலும் கைக்குழந்தையை உடைய தாய் தொலைவிலுள்ள வேலைக்குச் செல்ல இயலாது. அருகில் கிடைத்ததைக் கிடைத்த கூலிக்கு ஏற்கிறாள்.

மகப்பேற்று விடுப்பு

1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017-இல் முதல் இரு பேறுகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. இது பெரும் பேறே. எனினும் அன்றாடக் கூலி பெறும் விவசாயப் பெண்ணுக்கு இது எட்டுவதில்லை. அன்றியும், தாய்க்கு மட்டுமே விடுப்பு என்றால், பெண்ணை வேலைக்கு அமர்த்துவது நட்டம் என்று முதலாளி கணக்கிடக் கூடும். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டுத் திருத்தமோ தந்தையைப் பற்றிப் பேசவில்லை.

பிற நாட்டுப் படிப்பினை

1974-இல் சுவீடன் பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பு அளித்தது. எடுத்தவர் பெரும்பாலும் தாய்மாரே. 1993-இல் நார்வே நான்கு வாரங்களைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அதன் பின்னர்த் தந்தையர் பெருமளவில் முன்வந்தனர். பிரான்சு 2021 ஜூலை முதல் தந்தையின் விடுப்பை 28 நாட்களாக உயர்த்தியது. பகிர்ந்து கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும் போதாது. ஊதியத்துடன் தந்தைக்கென ஒதுக்கிய நாட்களே பயன் தரும்.

நாம் செய்யத் தக்கவை

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அறுவடையிலோ மண் வேலையிலோ ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால், விவசாயிகள் ஒரே கூலி அளித்தல் வேண்டும். அங்கன்வாடி திறக்கும் நேரம் வயல் வேலை நேரத்துடன் பொருந்துகிறதா என்று ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். முதற் பேற்றுக்கு 5,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் தகுதியுள்ள ஒவ்வொரு தாயும் பதிவு பெறச் செய்தல் வேண்டும். இவற்றுடன், தந்தையரும் தொட்டிலாட்டக் கூச்சப்படலாகாது. அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் தாயின் வேலையும் கூலியும் காக்கப்படும் நாளாகும்.