பட்டினித் தட்டில் முளைக்கும் புள்ளிகள்

அகார் என்ற கூழ் பரப்பிய தட்டு ஒன்றில் சுமார் 10 கோடி சால்மொனெல்லா பாக்டீரியாவை விடுகிறார்கள். 37 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வைத்து எடுத்தால், கண்ணில் படுவது இருபது, முப்பது வெண்புள்ளிகள்தான். மற்றவை தீனியில்லாமல், பெருக முடியாமல் நின்றுவிட்டவை.

சோதனைக்கென்றே தேர்ந்தெடுத்த இந்த வகைக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. அதற்கான மரபணுவில் ஒரு பிழை. வெளியிலிருந்து ஊட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. எப்போதாவது ஒன்றுக்கு அந்தப் பிழை தற்செயலாகத் திருந்திவிடும். அது மட்டும் பெருகிப் புள்ளியாகத் தெரியும். அதே தட்டில் சந்தேகத்துக்குரிய ரசாயனத்தைச் சேர்த்ததும் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் எகிறுகின்றனவா? அந்த ரசாயனம் டி.என்.ஏ.வில் கைவைக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை இது. டி.என்.ஏ.வில் கைவைப்பது புற்றுநோயையும் தரக்கூடும். எலிகளுக்குக் கொடுத்து அது வருகிறதா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இங்கே இரண்டே நாள். ஆனால் ஒரு சிக்கல்: பல ரசாயனங்கள் வெளியே சாதுவாகக் கிடக்கும், கல்லீரல் அவற்றை உருமாற்றும்போதுதான் வேலையைக் காட்டும். பாக்டீரியாவுக்குக் கல்லீரலுக்கு எங்கே போவது? எலியின் கல்லீரலை அரைத்து, வேகமாகச் சுழற்றி, மேலே தெளிந்த சாற்றைத் தட்டில் கலந்தார்கள். எலியைத் தவிர்க்க வந்த சோதனைக்கும் கடைசியில் எலிதான் கைகொடுத்தது!

1975-இல் ஏம்ஸ் குழு தலைமுடிச் சாயங்களைச் சோதித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து பூசும் 169 சாயங்களில் 150 மாட்டின. அடுத்தது, குழந்தைகளின் இரவு உடை. தீப்பற்றாமலிருக்க அமெரிக்காவில் அந்தத் துணியில் ‘ட்ரிஸ்’ என்ற ரசாயனத்தை ஏற்றியிருந்தார்கள். அதுவும் தட்டில் புள்ளிகளைக் கொட்டியது. ஏம்ஸும் ஆர்லீன் புளூமும் 1977-இல் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு குழந்தைகள் உடையில் ட்ரிஸ் தடைசெய்யப்பட்டது.

தட்டு சொல்வதெல்லாம் தீர்ப்பல்ல. புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் இதில் தப்பிவிடும். வெங்காயத்திலுள்ள குவெர்செடின் மாட்டிக்கொள்ளும்; அதற்காக யாரும் சாம்பாரிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிடவில்லை. ஏம்ஸே பின்னாளில், பூச்சிகளிடமிருந்து தப்பக் காய்கறிகள் தாமே சுரக்கும் நஞ்சுகளை நாம் சாப்பிடும் அளவோடு பார்த்தால் செயற்கைப் பூச்சிமருந்தின் மிச்சம் அற்பம் என்று வாதிட்டார். ட்ரிஸ் விஷயத்தில் அவரைக் கொண்டாடிய சூழலியலாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.