பழைய கார் கொதிக்கிறதா? எப்போது கொதிக்கிறது என்று பாருங்கள்

பெருநாள் விடுமுறையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையோரம் ஒரு பழைய கார். திறந்த பானட்டிலிருந்து ஆவி. பிள்ளைகளோடு வெயிலில் நிற்கும் குடும்பம். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கன்சில் போன்ற கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவை கொதித்தால், தண்ணீர் ஊற்றி மீண்டும் ஓட்டுபவர்கள் ஒருபுறம். பட்டறையில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள் மறுபுறம். இரண்டிலும் பணம்தான் கரைகிறது.

காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிச் சென்றால், ‘எப்போதிலிருந்து?’ என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். காருக்கும் அதே கேள்விதான்.

இயந்திரத்தின் சூட்டைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்கிவிடுகிறது. அதைச் சுற்றவைப்பது வாட்டர் பம்ப். இயந்திரம் போதிய சூடு பெறும்வரை தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு மூடியிருக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 பாகை செல்சியசில் அது திறக்கத் தொடங்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீரை ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காமல் காக்கிறது. மூடியின் ரப்பர் கெட்டால், பழுதில்லாத இயந்திரமும் பொங்கும். ஆகவே விலை குறைந்த இந்த மூடியை முதலில் பார்ப்பது நலம்.

நெரிசலில் மட்டும் கொதித்தால்

டோல் சாவடி வரிசையில் முள் ஏறி, கார் வேகமெடுத்ததும் இறங்கினால், சந்தேகம் காற்றாடியின்மீது விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது காற்றாடி ஒன்றே துணை. முள் பாதியைத் தாண்டியும் அது சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது கையை விலக்கி வைப்பது அவசியம். காற்றாடி திடீரென்று சுற்றும்.

மேட்டிலும் வேகத்திலும் கொதித்தால்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது கொதிக்கும் கார், ஊருக்குள் ஒழுங்காக ஓடலாம். தண்ணீரோட்டம் போதவில்லை என்பதே இதன் பொருள். ரேடியேட்டர் குழாய்களுக்குள் துரு அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம். தளர்ந்துபோன கீழ்க்குழாய், வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதே துருவுக்கு முக்கியக் காரணம். நம் நாட்டில் தண்ணீர் உறையாது என்றாலும், துருவைத் தடுக்க கூலண்ட் தேவை.

புறப்பட்ட சில நிமிடங்களில் கொதித்தால்

தண்ணீர் போதிய அளவு இருந்தும் முள் ஏறுகிறது, மேல்குழாய் சுடுகிறது, கீழ்க்குழாய் குளிர்ந்தே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று ஐயப்படலாம். அதைக் கழற்றிச் சுடுநீரில் போட்டால் திறக்கிறதா என்பது தெரிந்துவிடும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று சில பட்டறைகளில் அதை எடுத்தே விடுகிறார்கள். அது தீர்வாகாது, இயந்திரம் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகரிக்கும்.

வெளியே கசிவு இல்லாமலே தண்ணீர் குறைவது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் வருவது, சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காதது, எண்ணெய் பால்போல் மாறுவது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போய்விட்டதற்கான அடையாளங்கள். அதன்பின் ஓட்டினால் செலவு பல மடங்காகும்.

முள்ளை மட்டும் நம்பலாகாது

தண்ணீர் முற்றிலும் இறங்கிவிட்டால் உணர்கருவி வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் திடீரென்று கீழே விழும். ‘சூடு தணிந்துவிட்டது’ என்று நினைத்து ஓட்டுபவரின் இயந்திரம் அந்தச் சில கிலோமீட்டரிலேயே வீணாகிவிடும்.

முள் ஏறியவுடன் ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை நிறுத்த வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடக்கூடாது. அதன் பிறகும் மேல்குழாய் சுட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். கொதிக்கும் இயந்திரத்தின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையலாம், வெடிக்கலாம்.

நெரிசலிலா, மேட்டிலா, புறப்பட்ட உடனேயா? தண்ணீர் எவ்வளவு குறைந்தது? காற்றாடி சுற்றியதா? இந்தப் பதில்களோடு பட்டறைக்குப் போகிறவர், தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது.