பெயின்ட் அடித்த வீலும் காணாமல் போகும் காலரும்

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் வண்டிகளை முழுசாகப் பார்ப்பது அபூர்வம். பெட்ரோல் டாங்க் ஒரு கடை வாசலில், ஃபோர்க் அடுத்த கடையில், சைலன்சர் எதிர்ச்சாரியில் என்று பிரிந்து கிடக்கும். பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தவர், விபத்தில் மேக் வீல் உடைந்தவர், ஸ்பேர் வருவது நின்றுபோன பழைய வண்டிக்காரர் எல்லோரும் வீல் தேடி இங்கேதான் வருகிறார்கள். புது வீலைவிட விலை வெகுவாகக் குறைவு என்பதால் பலர் அவசரப்பட்டு வாங்கியும் விடுகிறார்கள்.

அந்த அவசரத்தில் கண் போவது பளபளப்பின் மேல். விவரம் தெரிந்த மெக்கானிக்கோ, புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்த வீலை ஓரமாக வைத்துவிட்டு, அழுக்கும் கீறலுமாக இருப்பதைக் கையில் எடுப்பார். மேக் வீல் என்பது பெரும்பாலும் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்துவதால்தான் அதற்கு உறுதி வருகிறது. விரிசல் விட்ட இடத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்தால், சுற்றிலும் அந்தப் பதம் கெட்டுவிடும். வெல்டிங்கைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டுமானால் டயர் மாட்டாத வீலாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர், டயர் மூடிவிடும் உள்பக்கத்துக்கு அவ்வளவு மெனக்கெடுவதில்லை. கிரைண்டர் ஓடிய தடம் அங்கே அப்படியே இருக்கும். கைகள் ஹப்பிலிருந்து பிரிகிற மூலை, ரிம்மைத் தொடும் இடம், வால்வு ஓட்டை ஆகிய மூன்றும் விரிசல் ஒளிந்துகொள்ளும் இடங்கள். சந்தேகம் வந்தால் பட்டறைகளில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுவார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் பொடியில் கசிந்து, கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

“பல்சர் வீல் இருக்கா?” என்று மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது. 2001-ல் வந்த பல்சர் 18 அங்குல வீலில் ஓடியது. 2005-ல் 17 அங்குல மேக் வீலுக்கு மாறியது. பெயர் ஒன்று, வீல் வேறு. ரிம்மிலேயே 1.85×18 என்பதுபோல அகலமும் விட்டமும் பதிந்திருக்கும். வண்டியில் இருப்பதோடு அதை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கடைக்குப் போகும்போது தன் வண்டியின் ஆக்சிலைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. அதை ஹப்பில் செருகி இரண்டு பக்கமும் பிடித்து, இன்னொருவரைச் சுற்றச் சொல்லி, ரிம் ஓரத்தில் ஒரு பேனாவை அசையாமல் காட்டினால் கோட்டம் தெரிந்துவிடும். பக்கவாட்டிலும் சரி, மேலும் கீழும் சரி, 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் வேண்டாம் என்பது பல சர்வீஸ் கையேடுகள் வைத்திருக்கும் வரம்பு. ஸ்போக்ஸ் வீலில் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுக்கலாம். மேக் வீலில் அப்படிச் செய்ய வழியில்லை. சூடுகாட்டித் தட்டி நிமிர்த்துவதை நம்பாமல் இருப்பதே மேல்.

ரிம்மை இவ்வளவு பார்ப்பவர்களும் நடு ஓட்டையை எட்டிப் பார்ப்பதில்லை. வீலின் நிஜமான வயது அங்கேதான் இருக்கிறது. பேரிங் தேய்ந்திருந்தால் கவலையில்லை. 6301, 6202 என்று அதன்மேல் இருக்கும் எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் புதுசு கிடைக்கும், பெரிய விலையுமில்லை. பேரிங் உட்காரும் குழி தேய்ந்திருந்தால்தான் ஆபத்து. நல்ல ஹப்பில் பேரிங் தட்டித்தான் இறங்கும். கைவிரலால் தள்ளி உள்ளே போனாலோ, குழியின் சுவரில் பஞ்ச் குத்திய புள்ளிகளோ தகடு சொருகிய அடையாளமோ இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வீல் எடைக்குப் போட மட்டுமே உதவும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்க வேண்டும். அதுதான் காலர். பழைய பேரிங்கைக் கழற்றும்போது விழுந்து, வீல் கைமாறும் வழியில் முதலில் காணாமல் போவது இதுதான். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் பேரிங்கின் உள்வளையங்கள் வழியாகக் காலரில் இறங்குகிறது. காலர் இல்லையென்றால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் கடிபடும். நட்டு இறுகினால் வீல் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். புதுப் பேரிங் சில வாரங்களில் கத்த ஆரம்பிப்பதற்கும் இது ஒரு காரணம். நீளம் குறைந்த காலரும் இதே வேலையைத்தான் செய்யும். ஆகவே பழைய வீலைத் தூக்கிப் போடுமுன் அதன் காலரையும் பக்கவாட்டு புஷ்களையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்வீலென்றால் கப்ளிங் ரப்பர் உட்காரும் அறைகளின் சுவர் உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் வரம்பு அதிலேயே எழுதியிருக்கும். 130 மி.மீ. டிரம்மானால், 131 வரை தேயலாம் என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் இருக்கும். பழைய டயரோடு கொடுத்தால் அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடலாம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பில் கேட்டு வாங்குவதும் முக்கியம். வீல் யாருடைய வண்டியில் இருந்து வந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி எதுவும் கிடையாது.

மாட்டும்போது பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். ஒரு பக்கப் பேரிங்கை முழுக்க இறக்கி, காலரைப் போட்டு, அடுத்ததைக் காலரைத் தொடும்வரை மட்டும் இறக்குவதே சரி. மேக் வீலில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உண்டு. டயரின் அம்பும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

முன்வீல் டிரம்மானால் பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபோர்க்கில் துருத்திக்கொண்டிருக்கும் முளை அதில் உட்கார வேண்டும். உட்காராமல் நட்டை இறுக்கிவிட்டால், பிரேக் பிடித்ததும் பிளேட்டும் வீலோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும், வீல் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் அந்த வேலையை டார்க் ராடு செய்கிறது. அதன் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் மறந்தவர்கள் உண்டு. செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். செயின் தொய்வு சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.

டிஸ்க் வண்டியில் காலிபரை மாட்டியதும் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அமுக்க வேண்டும். பேட்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால், அமுக்காமல் கிளம்பினால் முதல் சிக்னலில் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. நாலைந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பார்க்கலாம். டிஸ்க்கைத் தொட்டால் கை சுட்டுவிடும். அதிகம் பிரேக் பிடிக்காமலே ஹப் கொதித்தால், பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் ஒட்டி ஓடுகிறது. வீலை மறுபடி இறக்க வேண்டியதுதான்.