கிறிஸ்துமஸ் சந்தைக்கு கிறிஸ்துமஸன்று போகாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் 25ஆம் தேதி, அம்மாவை அழைத்துக்கொண்டு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் போய் நின்றேன். உலகப் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் இடம். கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தேர் நிலைக்கு வந்த மறுநாள் கூட்டிட்டு வந்திருக்கியேடா."

ஆபீசில் லீவு 24ஆம் தேதியில் இருந்துதான் கிடைத்தது. கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸுக்குத்தானே இருக்கும் என்று டிக்கெட் போட்டுவிட்டேன். எங்கே தப்பு என்று ஊர் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இப்போது நண்பர் ஒருவர் அதே கடைசி வாரத்துக்கு டிக்கெட் பார்க்கிறார். அதனால் இந்தக் குறிப்பு.

விஷயம் எளிது. இந்தச் சந்தைகள் பண்டிகைக்கானவை அல்ல, பண்டிகைக்கு முந்தைய 'அட்வெண்ட்' என்னும் காத்திருப்புக் காலத்துக்கானவை. தீபாவளியன்று ரங்கநாதன் தெருவுக்குத் துணி எடுக்க யாராவது போவோமா? அதுமாதிரிதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வெண்ட் ஞாயிறுகள். முதலாவது, நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எங்காவது விழும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நியூரம்பெர்க் சந்தை திறக்கும். 2022இல் நவம்பர் 25. 2023இல் டிசம்பர் 1. ஆனால் முடிவது எப்போதும் டிசம்பர் 24தான், அதுவும் பிற்பகலிலேயே. 25, 26 இரண்டும் அங்கே அரசு விடுமுறை. ஆகவே டிசம்பர் இரண்டாவது வாரம் உத்தமம். சனிக்கிழமை நெரிசல் தாங்காது, செவ்வாய், புதன் நல்லது. லீவு கடைசி வாரம்தான் என்றால் ஊரை மாற்றுங்கள்: பெர்லினில் சில சந்தைகளும், வியன்னாவில் ஷோன்ப்ருன் அரண்மனை முன் நடப்பதும் கிறிஸ்துமஸைத் தாண்டியும் நீளும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நவம்பர் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பரில் அங்கே விடிய எட்டு மணி ஆகிறது, நாலேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. பகலை ஊர் பார்க்க வைத்துக்கொண்டு, இருட்டியபின் சந்தைக்குப் போவதுதான் கணக்கு. காலையில் கோட்டை, ஓவியர் ட்யூரரின் வீடு. மதியம், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறை. செவ்வாயன்று அது மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் சின்னச் சின்ன பன்றி இறைச்சி சாசேஜ் மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவார்கள். சைவக்காரர்களுக்கு வறுத்த பாதாம், லெப்குஹன் என்கிற மசாலா கேக். அதில் எலிசன் வகையாகப் பார்த்து வாங்குங்கள்: கால் பங்காவது கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சூடான ஒயின் குடிக்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், கோப்பையைக் கொடுத்தால் பணம் திரும்பும். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்த இன்னொரு விஷயம். அன்று கடை இல்லாததால் நாங்கள் ஃப்ராவன்கிர்ஷ தேவாலயத்தின் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பேரரசர் நான்காம் சார்லஸின் பொம்மையை ஏழு இளவரசர்கள் சுற்றி வருவார்கள். அம்மா விரல்விட்டு எண்ணினாள். அந்தச் சதுக்கம் 1349 வரை யூதர்கள் குடியிருந்த இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுடைய வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தவர் இதே சார்லஸ்தான். அந்த டிசம்பர் 5 அன்று 562 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஜெப ஆலயம் இருந்த இடத்தில் எழுந்ததே இந்தத் தேவாலயம். 1933இல் சந்தையைத் திரும்ப இந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து தங்கள் விளம்பரமாக்கிக்கொண்டவர்கள் நாஜிகள். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது. 1948இல் சந்தை மீண்டும் தொடங்கியது.

அந்தத் தேவாலய மாடத்தில் நின்று சந்தையைத் தொடங்கிவைப்பது 'கிறிஸ்ட்கிண்ட்' வேடமிட்ட இளம்பெண். 2019இல் தேர்வானவர் பெனிக்னா முன்சி. அவருடைய அப்பா இந்தியர். வலதுசாரிக் கட்சியின் கிளை ஒன்று அவரை இழித்துப் பதிவு போட்டது. ஊரே அவர் பக்கம் நிற்க, பதிவு நீக்கப்பட்டது. அதே மாடத்தில் நின்று அவர்தான் சந்தையைத் திறந்துவைத்தார்.

இதெல்லாம் தெரிந்தால் ஒயின் கசக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிற்கிற மண் என்ன என்று தெரிந்து நிற்பது நல்லது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, இன்னொரு தடவை வரமாட்டேன் என்கிறாள். நண்பருக்கு டிசம்பர் 8இல் இருந்து லீவு கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவரும் அவர் அம்மாவைத்தான் கூட்டிப்போகிறார்.