வேற மருந்து எதுவும் இல்லையாம்மா?

அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனால் நம்மில் பலருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலையும் சேர்ந்தே வரும். டாக்டர் கேட்பதை நாம் அப்படியே திருப்பிக் கேட்போம்: "வேற மருந்து ஏதாவது எடுக்கிறியாம்மா?" "இல்லப்பா, பிரஷர் மாத்திரை மட்டும்தான்." அம்மா பொய் சொல்லவில்லை. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் அவர் கணக்கில் மருந்தே இல்லை. ஊரிலிருந்து வாங்கி வந்த டோலோ 650-உம் அப்படித்தான். அது "எப்பவாவது தலைவலிக்கு".

ஆனால் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். ஒரு நாள் ஒரு துண்டு என்றால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தினமும் என்றால், பிரஷர் மாத்திரை இறக்குவதை இது ஏற்றிக்கொண்டிருக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

பழச்சாறும் இந்த வேலையைச் செய்யும் என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபைன் என்ற பிரஷர் மருந்துடன் மதுவைச் சேர்த்துச் சோதித்தார்கள். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. காரணம் மது இல்லை, ஜூஸ்! 1989-இல் இது வெளியானது.

குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. பல மருந்துகளில் ஒரு பகுதியை அது ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைத்துவிடும். டோஸ் அந்த இழப்பையும் சேர்த்துத்தான் முடிவு செய்யப்படுகிறது. கிரேப்ஃப்ரூட் அந்த நொதியை முடக்கிவிட்டால் அதே மாத்திரை பெரிய டோஸாகிவிடும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டும் இதில் மாட்டும். அளவு மிகுந்தால் தசைகள் பாதிக்கப்படும். காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. புது நொதி உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். நம்ம ஊர் பம்பளிமாஸ் கிரேப்ஃப்ரூட்டின் தாய்வழிச் சொந்தம். அதிலும் அந்த வேதிப்பொருட்கள் உண்டு.

தைராய்டு மாத்திரையில் கதை தலைகீழ். காபியுடன் விழுங்கினால் மருந்து சரியாக உள்ளே போகாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

என் தொழில் சாஃப்ட்வேர் என்பதால், இதற்கெல்லாம் ஆப் இருக்கிறதே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றும். 8 பொருட்கள் என்றால் சரிபார்க்க வேண்டிய ஜோடிகள் 28. மனிதரைவிட கம்ப்யூட்டர் அதை நன்றாகவே செய்யும். ஆனால் நாம் டைப் செய்யாத அதிமதுரத்தை எந்த ஆப்பும் கண்டுபிடிக்காது. அதனால் கேள்வியை மாற்றலாம்: "காலைல எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கிறவரைக்கும் என்னென்ன சாப்பிடுறே, குடிக்கிறே? கஷாயம், லேகியம் எல்லாம் சேர்த்துச் சொல்லும்மா." அந்தப் பட்டியலோடு பார்மசிஸ்டிடம் போங்க. அவர் சொல்வதற்கு முன் டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்த வேண்டாம்.

ஊர் மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க, பிராண்ட் பெயரை மட்டும் இல்லை, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும். டோலோவும் டைலனாலும் பானடாலும் ஒரே பாராசிட்டமால்தான். சளிக்கு வாங்கும் பல சிரப்புகளிலும் அது ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டினால் அடிபடுவது கல்லீரல். ஊரில் எழுதித் தரும் பிரஷர் மாத்திரை ஒன்றுக்குள்ளேயே டெல்மிசார்டன், அம்லோடிபைன் என்று இரண்டு மருந்து இருப்பதும் சகஜம். அது தெரியாமல் இங்கே டாக்டர் தனியாக ஒரு அம்லோடிபைன் எழுதினால், அம்மா தினமும் அதை இரண்டு முறை விழுங்கிக்கொண்டிருப்பார்.