மோட்டார் காருக்கு வர்ணம் பீச்சுங் கருவி

கைத்தொழில் எதுவாயினும், அதற்குரிய கருவியைத் தெரிந்தெடுத்தலே அதன் முதற்படியாகும். கருவி தொழிலுக்கு ஒவ்வாததாயின், செய்வோன் எத்துணை வல்லனாயினும் வேலை பழுதுபடும். தமிழ் பயிலும் மாணாக்கனொருவன் மோட்டார் காருக்கு வர்ணந் தீட்டுவதைப்பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், இப்பொருளில் யான் பட்டறிந்தது சிறிதுண்டு. அவ்வறிவைப் பெறுதற்குச் செலவிட்ட பணமும் உண்டு. அச்செலவின்றியே பிறர் அதனைப் பெறுக என்னும் விருப்பத்தால் இதனை எழுதலானேன்.

எம் இல்லத்தில் பழைய அம்பாஸிடர் கார் ஒன்று உளது. அதன் கதவுகளின் அடியிலும் சக்கரங்களின் மேல்வளைவிலும் துருவேறி, வர்ணம் செதிள் செதிளாய் உதிரத் தொடங்கிற்று. பட்டறையிற் கேட்ட கூலி எம் நிலைக்கு எட்டாததாயிருந்தது. ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் என் தமையனாரும் யானும் அவ்வேலையை நாங்களே செய்வதெனத் துணிந்தோம். கடைக்குச் சென்று, அங்கிருந்தவற்றுட் பளபளப்பு மிக்க ஸ்பிரே கன் ஒன்றை வாங்கினோம். பங்க்சர் ஒட்டுங் கடையிலிருந்து ஒரு குதிரைத்திறனுள்ள சிறிய கம்பிரஸரை இரவலாகப் பெற்றோம். ஒரு கதவிற்கு வர்ணம் பீச்சி முடிப்பதற்குள், அதன் முகமெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோல்போற் புள்ளி புள்ளியாய்ப் பொருக்கிட்டது.

எங்கள் தெருவில், யாவரும் அண்ணாச்சியென அழைக்கும் முதிய பெயிண்டர் ஒருவர் உளர். அவரை அழைத்துக் காட்டினோம். கதவைக் கையாற் றடவிப் பார்த்தவர், பின் கம்பிரஸரை நோக்கினார். “தம்பி, துப்பாக்கிமேல் பழி போடாதீங்க, அதுக்கு வேண்டிய காற்று இதில் இல்லை” என்றார். அன்று மாலை அவர் திண்ணையில் அமர்ந்து சொல்லியவற்றையும், பின்னர் யான் படித்தறிந்தவற்றையுஞ் சேர்த்தே கீழே கூறுகின்றேன்.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். அமெரிக்காவிலே சிக்காகோ நகரில், மார்ஷல் பீல்டு என்பாரது பெருங்கடையிற் பணியாற்றிய ஜோஸப் பிங்க்ஸ் என்பவர், 1887-ம் ஆண்டிற் கட்டடச் சுவர்களுக்கு வெள்ளை பூசுதற்பொருட்டு, கையால் அழுத்தும் பம்பினாற் பீச்சும் பொறியொன்றை அமைத்தார். ஓஹையோ மாகாணத்து டொலீடோ நகரில், ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர் தொண்டை நோயாளர்க்கு மருந்தைத் துளியாக்கித் தெளிக்குஞ் சிறு கருவியைச் செய்தார். அவர் மைந்தர் தாமஸ் டிவில்பிஸ் அம்முறையையே வர்ணத்திற்கு ஏற்றவாறு வளர்த்தார். தூரிகைகொண்டு பூசி உலர்த்திய அந்நாளில், ஒரு காருக்கு வர்ணமிடுதல் பல வாரம் பிடிக்கும் வேலை. 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் விரைவில் உலரும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வழக்கிற்கு வந்தது. அது தூரிகைக்கு அடங்காத விரைவுடையதாதலின், பீச்சுங் கருவியுங் கார்த் தொழிலில் நிலைபெற்றது. நோயாளியின் மூச்சுக்குழலைக் காத்தற்கெழுந்த ஒரு கருவியின் வழித்தோன்றல், இன்று காவாதவனது மூச்சைக் கெடுக்கவும் வல்லதாயிருப்பது வியத்தற்குரியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இனி, கருவி இயங்குமாற்றைக் காண்போம். விசையைச் சிறிது இழுத்தால் முதலிற் காற்று மட்டும் வெளிப்படும். மேலும் இழுத்தால் ஊசி பின்வாங்கி, வர்ணம் வெளிவர வழிவிடும். ஊசி, அதனைச் சூழ்ந்த நாசில் என்னும் மூக்கு, அதன்மேல் மூடிய காற்றுமூடி ஆகிய மூன்றுமே இக்கருவியின் உயிர்நிலை. மூக்கைச் சுற்றிப் பீறிடுங் காற்று வர்ணத்தை நுண்டுளிகளாகச் சிதறடிக்கும். காற்றுமூடியின் இருபுறத்துங் கொம்புகள்போல் நிற்குந் துளைகளினின்று வருங் காற்று அத்துளிக் கூட்டத்தை இருபாலும் நெருக்கி, விசிறிபோல் விரிக்கும். இம்மூன்றும் ஒன்றற்கொன்று இசையச் செய்யப்பட்டவை. ஒரு கருவியின் ஊசியை மற்றொன்றின் மூக்கிலிட்டால் ஒழுக்கே மிஞ்சும்.

வர்ணக் கிண்ணம் அமைந்த இடத்தைக்கொண்டு கருவிகள் வகைப்படும். கிண்ணம் கீழே தொங்குவது உறிஞ்சு வகை. மேலே நிற்பது வர்ணம் தன் எடையால் இறங்கும் வகை. முன்னதிற் கிண்ணத்தின் அடியில் வர்ணம் எஞ்சி வீணாகும். வர்ணத்தை மேலே இழுத்தற்குக் காற்றும் மிகுதியாக வேண்டும். பின்னதில் இக்குறைகள் பெரிதும் இல்லை. ஆகவே, வீட்டில் ஒரு காருக்கு வர்ணமிடுவோன் மேற்கிண்ண வகையையே கொள்ளத்தக்கது. 600 மில்லி லிட்டர் அளவுள்ள கிண்ணம் போதுமானது.

காற்றைச் செலவிடும் முறைபற்றியும் மூவகை உண்டு. பழைய முறைக் கருவி உயர்ந்த அழுத்தத்தில் வர்ணத்தைச் சிதறச் செய்யும். துளிகள் கார்த்தகட்டில் மோதித் தெறித்து மீளுதலின், வர்ணத்திற் பெரும்பகுதி புகையாய்ப் பறந்துபோம். இரண்டாவது, ஹெச்.வி.எல்.பி. எனப்படுவது, காற்று மிகுதி, அழுத்தங் குறைவு என்பதே அதன் பொருள். இதன் காற்றுமூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.-க்கு மேற்படாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், தென்கடற்கரைப் பகுதியின் காற்றுத் தூய்மையைக் காக்கும் ஆட்சிக்குழு இவ்வகையை வற்புறுத்தியமையால் இது பரவலாயிற்று. பீச்சிய வர்ணத்தில் நூற்றுக்கு 65 பங்கேனும் பொருளின்மேற் படிதல் வேண்டுமென்பது அங்கு வகுத்த அளவு. மூன்றாவது, எல்.வி.எல்.பி. என்பது, காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. இதன் வேலை சற்று மெதுவாய் நடைபெறுமாயினும், சிறிய கம்பிரஸர் உடையார்க்கு இதுவே துணை.

இங்கேதான் எங்கள் பிழை நிகழ்ந்தது. கருவியின் விலையையும் மினுக்கையும் பார்த்தோமேயன்றி, அஃது உண்ணுங் காற்றின் அளவைப் பார்த்தோமில்லை. முழு அளவுள்ள ஹெச்.வி.எல்.பி. கருவி நிமிடத்திற்குப் பத்து முதற் பதினைந்து கன அடிக் காற்றை வேண்டும்; எல்.வி.எல்.பி. ஏறக்குறைய நான்கு முதல் எட்டு வேண்டும். கம்பிரஸரோ, ஒரு குதிரைத்திறனுக்கு மூன்று அல்லது நான்கு கன அடியே இடையறாது தரவல்லது. பத்துப்பேர் உண்ணும் பந்தியில் மூவர்க்கு உலையேற்றியது போலாயிற்று எங்கள் செயல். தொட்டியில் நிரப்பிய காற்று முதற் சில விநாடி உதவும். பின்னர் அழுத்தந் தளர, வர்ணம் நுண்டுளியாகாது பருந்துளியாய் விழும். அதுவே ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம். கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடாதிருப்பானோ என்னும் உவமையைச் சிறுவயது முதற் கோயிலிற் கேட்டிருந்தும், கடைவாயிலில் அது நினைவிற்கு வந்திலது.

கம்பிரஸரின் காற்றளவை அறியுங்கால் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். உருளையின் கொள்ளளவைக் கணக்கிட்டு எழுதிய எண் பெரிதாயிருக்கும். உண்மையில் வெளிவருங் காற்று அதனினுங் குறைந்ததே. பின்னதையே கேட்டறிந்து ஒப்பிடுக. காற்றைக் கொண்டுவருங் குழாயின் உள்விட்டம் கால் அங்குலமாயின், அழுத்தம் வழியிலேயே குன்றும். எட்டில் மூன்று அங்குலம் இருத்தல் நன்று. அழுத்தமானியைக் கருவியின் பிடியடியிற் பொருத்தி, விசையை இழுத்துக் காற்று ஓடும்போதே அளத்தல் வேண்டும். ஓடாத காற்றின் அளவு மயக்கந் தருவது. காற்றை அழுத்துங்கால் அதிலுள்ள ஈரம் நீராய்த் திரளும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் மிகுதியாதலின், நீர் பிரிக்குங் கிண்ணமின்றி வர்ணம் பீச்சுவோன் கொப்புளத்தையும் வெண்படலத்தையுமே காண்பான்.

அடுத்துக் கருதத்தக்கது மூக்கின் துளையளவு. தடித்த பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. வேண்டும், நிறம் தரும் பூச்சிற்கு 1.2 அல்லது 1.3 மி.மீ.; மேலிடும் ஒளிர்பூச்சிற்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. பொருந்தும். ஒன்றே வாங்கக்கூடியவர் 1.3 அல்லது 1.4 உள்ளதைக் கொள்க. ஆனால், பிரைமர் பீச்சிய கருவியாலேயே ஒளிர்பூச்சையும் இடுதல் தக்கதன்று. எத்துணைக் கழுவினும் ஒளிந்திருந்த துகளொன்று இறுதியில் வெளிப்பட்டு வேலையைக் கெடுக்கும். ஒவ்வொரு வர்ணத்திற்கும் உரிய துளையளவைச் செய்தவர்களே தம் குறிப்புத் தாளில் அச்சிட்டிருப்பர். அதுவே முடிந்த பிரமாணம்.

கடையிற் கருவியைக் கையிலேந்திய பின் நோக்கத்தக்கவை சில உள. ஊசியும் மூக்கும் துருவேறா எஃகினால் ஆனவையா? விசை தடையின்றி மீளுகின்றதா? பழுதுற்றால் மாற்றுதற்குரிய ஊசி, மூக்கு, அடைப்பு வளையங்கள் தனியே கிடைக்குமா? இவை கிடையாத கருவி, விலை குறைந்ததாயினும், ஒருமுறைக்கே உதவுவது. வாங்கியபின் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கருவியை அசையாது நிறுத்தி, ஒரு கணம் விசையை இழுத்துப் பார்க்க. சுருட்டுப்போல் நீண்டு, இருமுனையும் ஒத்த உருவந் தோன்றின் கருவி செவ்விது. பிறைபோல் ஒருபால் வளைந்திருப்பின், காற்றுமூடியை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் பீச்சுக, பிறையும் உடன் திரும்பினாற் குற்றம் மூடியிலுள்ளது, திரும்பாவிடின் மூக்கிலுள்ளது. நடுவே மெலிந்து இரண்டாய்ப் பிளந்திருப்பின் காற்று மிகுதி. நடுவே தடித்திருப்பின் காற்றுக் குறைவு, அன்றி வர்ணந் தடிப்பு. அடைத்த துளையைக் கம்பியாற் குத்துவது கருவியைக் கொல்வதாகும். தின்னரில் நனைத்த மென்றூரிகையே போதும்.

இனி, யான் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுவதைக் கூறுகின்றேன். இக்காலத்துக் கார் வர்ணங்களிற் பல, வர்ணத்தோடு ஹார்டனர் என்னும் இறுக்கியைக் கலந்து பீச்சுவன. அவ்விறுக்கிகளிற் பெரும்பாலானவற்றில் ஐஸோஸயனேட் என்னும் பொருள் உளது. அதன் நுண்பனியை உட்கொண்டார்க்கு ஆஸ்துமா உண்டாகும். ஒருமுறை உடல் அதனை வெறுக்கப் பழகிவிட்டால், பின்னர் அதிற் சிறிதளவு பட்டாலும் மூச்சுமுட்டும். தீங்கு செய்யும் அளவினும் மிகுந்தாலன்றி அதன் மணம் மூக்கிற்குத் தெரியாது. ஆகவே, மணமில்லையென்று மகிழ்தல் பேதைமை. துணியைக் கட்டிக்கொள்வதும், தூசி தடுக்கும் முகமூடி அணிவதும் சிறிதும் பயன்படா. வெளியினின்று தூய காற்றைக் குழாய்வழித் தரும் முகமூடியே இதற்குத் தகுந்த காவல். அத்தகைய முகமூடியும், புகையை வெளியேற்றும் அறையும் இல்லாத வீட்டில் அவ்வர்ணத்தைப் பீச்சலாகாது. பீச்சியவன் மட்டுமன்று, அடுத்த அறையில் உறங்குங் குழந்தையும், மதிலுக்கப்பால் வாழும் அயலாருந் துன்புறுவர். இறுக்கி கலவாத லாக்கரும் குற்றமற்றதன்று. அதன் ஆவி எளிதில் தீப்பற்றுவது. அடுப்பு, விளக்கு, பொறி பறக்கும் மின்விசிறி ஆகியவை அருகிலின்றி, திறந்த வெளியில், ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடியணிந்தே அதனைக் கையாளுதல் வேண்டும்.

அன்று மாலை அண்ணாச்சி எழுந்து செல்கையில், எங்கள் வீட்டுப் படிகள் நான்கையும் ஏறி இறங்க அவர் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். என் தமையனார் கையைப் பற்றினார். அப்பொழுது அவர், “நாற்பது வருஷம் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டேன் தம்பி, மூச்சைப் பார்த்துக்கொள்ளவில்லை” என்றார். அந்நாளில் அவர்க்கு முகமூடியைப் பற்றிச் சொல்வார் ஒருவருமிலர். எங்களுக்குச் சொல்ல அவர் இருந்தார்.

மறுநாள் எங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். துரு நீக்குதல், பட்டி இடுதல், உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் ஆகிய நெடிய வேலைகளை நாங்களே செய்து முடித்தோம். கதவுகளின் உட்புறம்போன்ற சிறிய இடங்கட்கு மட்டும், சிறிய கம்பிரஸருக்கு அடங்கும் 1.0 மி.மீ. மூக்குள்ள சிறு கருவியொன்றால் லாக்கர் பீச்சினோம். மேற்பூச்சைப் புகையகற்றும் அறையும் காற்றுக்குழாய் முகமூடியும் உடைய பட்டறையில் ஒப்புவித்தோம். உழைப்பிற் பெரும்பகுதி எங்களதாகையால் கூலியும் எங்கள் கைக்கெட்டியது. முதலில் வாங்கிய பளபளப்பான கருவி பெட்டிக்குள் உறங்குகின்றது.

ஆகவே, இத்தொழிலிற் புகவிரும்பும் நண்பர்கட்கு யான் கூறத்தக்க முறை இதுவே. முதலில் மூச்சைக் காக்கும் வழி உளதா என்று காண்க. இன்றேல் எவ்வர்ணத்தை விடுத்தல் வேண்டுமென்று துணிக. இரண்டாவது, கம்பிரஸர் தருங் காற்றை அளந்தறிக. மூன்றாவது, அக்காற்றிற்கு அடங்குங் கருவியையும், வர்ணத்திற்கு இசைந்த மூக்கையுந் தேர்க. விலையும் மினுக்கும் இறுதியிலேயே நோக்கத்தக்கன. இவ்வரிசையைத் தலைகீழாக்கிச் சென்றமையாலேயே யாங்கள் இடருற்றோம். கார் பழையதானால் மற்றொரு முறை வர்ணமிடலாம்; இறைவன் தந்த மூச்சோ, ஒருகாற் கெட்டபின் மீளப் பெறுதற்கு அரியது.