சந்தாவைக் கூட்டினால் கழகம் பிழைக்குமா? துப்பாக்கி சுடும் கழகங்கள் சொல்லும் கணக்கு

கொட்டாஞ்சேனையில் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய விளையாட்டுக் கழகம் ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுத்த மேல்மாடி ஒன்று, மூன்று கெரம் போர்ட், ஒரு மேசைப்பந்து மேசை, பத்திரிகை வாசிக்க நாலு கதிரை. அவ்வளவுதான். கடந்த மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் செயற்குழு கூடியது. பொருளாளர் கணக்கு வாசித்தார். வாடகை கூடியிருக்கிறது, மின்சாரக் கட்டணம் கூடியிருக்கிறது, வருபவர்களோ குறைந்துவிட்டார்கள். "சந்தாவை இரட்டிப்பாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை ஹாஜியார்" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் மட்டும் ஒரு மாதத் தவணை கேட்டேன்.

காரணம், இதே பேச்சை நான் முன்பும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறேன். என் இளைய மகன் பாடசாலையில் எயார் ரைபிள் அணியில் இருந்தவன். ஆகவே துப்பாக்கி சுடும் கழகங்களின் வரவு செலவு எனக்குக் கொஞ்சம் தெரியும். கெரம் விளையாடும் கழகத்துக்கும் ரைபிள் கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நோய் ஒன்றுதான். ஆனால் ரைபிள் கழகத்தில் அது தெளிவாகத் தெரியும். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் விலை உண்டு.

குண்டின் விலையும் கூரையின் விலையும்

முதலில் செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, ஆள் வந்தால் மட்டும் ஏற்படும் செலவு. மற்றது, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏற்படும் செலவு.

எயார் ரைபிளில் சுடுவது 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. 500 குண்டுகள் கொண்ட டின்களில் வரும். 10 மீற்றர் போட்டியில் ஒருவர் 60 தடவை சுட வேண்டும். 2018ஆம் ஆண்டுக்கு முன் பெண்களுக்கு 40 தடவையாக இருந்தது; அந்த ஆண்டு முதல் அவர்களுக்கும் 60 ஆக்கப்பட்டது. பெண்கள் அணி வைத்திருக்கும் கழகத்துக்கு இதனால் மட்டும் ஒரு போட்டிக்கான குண்டுச் செலவு ஒன்றரை மடங்காகிவிட்டது. காகித இலக்கில் சுடுவதானால் பொதுவாக ஒரு சூட்டுக்கு ஓர் அட்டை. இவை எல்லாம் முதல் வகைச் செலவு.

இரண்டாவது வகையைப் பாருங்கள். சுடுதளத்தின் வாடகை, பின்சுவர், குண்டு பிடிக்கும் பெட்டி, வெளிச்சம், ஈயத் தூசை வெளியேற்றும் காற்றோட்டம், ரைபிள்களைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு அறை, காவல், காப்புறுதி. நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. துவக்கு அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். துவக்கைக் கையால் தொடாவிட்டாலும் புதுப்பிக்கும் வேலை நிற்காது. போட்டிக்குப் பாவிக்கும் எயார் ரைபிளின் காற்று சிலிண்டருக்குக் கூட பொதுவாகப் பத்து வருட ஆயுள்தான். திகதி கடந்த சிலிண்டரைச் சர்வதேசப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பத்து வருடத்தில் பத்துத் தடவை சுட்டிருந்தாலும் சரி, பத்தாயிரம் தடவை சுட்டிருந்தாலும் சரி, மாற்றியே ஆக வேண்டும்.

இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. ஆள் குறைந்தால் குண்டுச் செலவும் அட்டைச் செலவும் குறையும். பொருளாளர் "இம்மாதம் சிக்கனம்" என்று மகிழ்வார். ஆனால் கூரையின் செலவு அப்படியே நிற்கும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. நிலையான மாதச் செலவு 60,000 ரூபா என்று வைப்போம். 60 பேர் இருந்தால் தலைக்கு 1,000 ரூபா. இருபது பேர் நின்றுவிட்டால் மீதி 40 பேருக்கு 1,500. அந்த 1,500ஐக் கேட்டதும் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். இப்போது 30 பேருக்கு 2,000. ஒவ்வொரு முறையும் சந்தாவைக் கூட்டியது நியாயம்தான், கணக்கும் சரிதான். ஆனால் கழகம் படிப்படியாக மூடப்படுகிறது. நல்ல வாடிக்கையாளனே முதலில் போவான் என்பது நமக்குத் தெரியாததா?

2022 செய்த வேலை

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. எல்.சி. திறப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது; இறக்குமதி செய்த நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு ஓகஸ்டில் மின்சாரக் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் சில தடவை குறைத்தார்கள் என்பதும் உண்மை. வற் வரி 2022இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது.

குண்டும் ரைபிளும் சுடுவதற்கென்றே தைக்கப்படும் தடித்த ஜக்கெட்டும் வெளிநாட்டுச் சாமான்கள். வெடிமருந்து நிரப்பிய ரவைகளுக்கு வேறொரு சிக்கலும் வந்தது. உக்ரேன் போருக்குப் பின் இராணுவத் தேவை கூடியதால், வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரோசெலுலோஸுக்கு உலகச் சந்தையில் தட்டுப்பாடு. விளையாட்டு ரவையின் விலையையும் அது இழுத்துக்கொண்டு போனது.

ஆள் ஏன் குறைகிறது?

விலை மட்டும் காரணமல்ல. பிரித்தானியாவில் 1996 மார்ச்சில் டன்பிளேன் பாடசாலையில் குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்டதன் பின், 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. கைத்துப்பாக்கியையே நம்பியிருந்த கழகங்கள் ஒரே வருடத்தில் அங்கத்தவர்களை இழந்தன. அங்கே அரச அங்கீகாரம் பெற்ற கழகத்தில் புதிதாகச் சேருபவர் குறைந்தது மூன்று மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். விருந்தினரை அழைத்துச் சுடவைக்கும் நாட்கள் வருடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் கூடாது. நமது கடைக்கு வருடத்தில் பன்னிரண்டு நாள்தான் புதிய வாடிக்கையாளன் வரலாம் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்?

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15ஆம் திகதி கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். கொலைகாரன் ஒரு ரைபிள் கழகத்தில் அங்கத்தவனாக இருந்தவன். 2020இல் வந்த சட்டம் கழகங்களும் சுடுதளங்களும் அரசிடம் பதிவும் சான்றும் பெற வேண்டும் என்றது. தொண்டர்களால் நடத்தப்படும் சிறிய கழகங்கள் செலவு தாங்கவில்லை என்றன. 2024இல் அங்குள்ள புதிய அரசாங்கம் அவ்விதிகளைத் தளர்த்தும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. நான் வியாபாரி, செலவைப் பற்றிப் பேசுபவன். ஆனாலும் இந்தச் செலவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பாதுகாப்பும் கூரையைப் போல ஒரு நிலையான செலவு. அதைத் தாங்க முடியாத கழகம் சுடுதளம் நடத்தக் கூடாது.

நமது நாட்டிலும் அந்த வருடத்தின் ஏப்ரல் 21ஐ யாரும் மறக்கவில்லை. மகனின் ரைபிள் பாடசாலையிலேயே பூட்டிவைக்கப்பட்டிருந்தது. அவன் வெள்ளவத்தை வீட்டிலிருந்து கொண்டுபோவது ஜக்கெட்டும் கையுறையும் அடங்கிய பையை மட்டுமே. ஆனால் சோதனைச் சாவடியில் அந்தப் பையைத் திறந்து "இது என்ன?" என்று கேட்டால் ஒரு முஸ்லிம் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அவனுடைய உம்மா வேண்டாம் என்றாள். நானும் வேண்டாம் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு கழகத்தின் வரவுப் பதிவேட்டில் ஒரு பெயர் இப்படியும் குறையலாம். அதற்குச் சந்தா காரணமல்ல.

இன்னொன்று, இளைஞருக்கு எட்டிப்பிடிக்க ஒரு குறி வேண்டும். 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் எயார் ரைபிள் இரட்டையரில் இலங்கைக்குத் தங்கம் வென்றார்கள். அதே போட்டித் தொடர் 2022 பர்மிங்ஹாமில் துப்பாக்கி சுடுதலைச் சேர்க்கவில்லை. 2026 கிளாஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. மேடையைக் கழற்றிவிட்டால் ஒத்திகைக்கு யார் வருவார்?

பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

முதலாவது, சாமானை மலிவாக்கினார்கள். இது புதிய யோசனையல்ல. 1901இல் பிரித்தானியாவில் தொழிலாளர் ரைபிள் கழகங்களின் சங்கம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பெரிய ரைபிளும் நீண்ட வெளித்தளமும் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது; சிறிய ரவை, சிறிய தளம் போதும் என்பதே அதன் அடிப்படை. இன்றுள்ள தேசிய சிறுரக ரைபிள் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இன்று அந்த இடத்தில் எயார் ரைபிள் நிற்கிறது. அதற்கு வெடிமருந்து தேவையில்லை, 10 மீற்றர் தளம் ஒரு பாடசாலை மண்டபத்துக்குள் அடங்கும். டோக்கியோ ஒலிம்பிக் சென்ற நமது தெஹானி எகொடவெல போட்டியிட்டதும் இந்தப் பிரிவில்தான்.

இரண்டாவது, கூரையைப் பங்குபோட்டார்கள். தமிழ்நாட்டில் திருச்சி ரைபிள் கிளப் பொலிஸ் ஆயுதப்படை வளாகத்தில் இயங்குகிறது. 2022 ஜூலையில் அங்கே நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்றபோது கூடிய கூட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நடிகர் வந்தது விளம்பரம். இடமும் காவலும் ஏற்கனவே இருந்ததுதான் இலாபம்.

மூன்றாவது, பயணத்தைக் குறைத்தார்கள். பிரித்தானியக் கழகங்கள் தபால் மூலம் போட்டி நடத்துகின்றன. அவரவர் தளத்தில் சுட்டு, அட்டையை அனுப்பினால் ஒருவர் புள்ளி போடுவார். பஸ் செலவும் இல்லை, தங்கும் செலவும் இல்லை, ஆனால் வாராவாரம் சுடுதளத்துக்கு வர ஒரு காரணம் இருக்கிறது.

நான்காவது, புதியவனின் முதல் நாள் செலவை இல்லாமலாக்கினார்கள். ரைபிள், ஜக்கெட், கையுறை எல்லாம் கழகத்துடையவை. வந்தவன் குண்டுக்கு மட்டும் காசு கொடுப்பான். மகனின் ஜக்கெட்டை 2022இல் நாங்கள் கழகத்துக்கே கொடுத்துவிட்டோம். அந்த வருடம் புதிதாக ஒன்றை எடுப்பிப்பது பற்றி எந்தப் பெற்றோரும் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஐந்தாவது, பழைய ஈயத்தை விற்றார்கள். நான் ஹார்ட்வெயார்காரன், இதைக் கேட்டதும் காது நிமிர்ந்தது. ஒரு குண்டு ஏறத்தாழ அரைக் கிராம். 500 குண்டு டின் ஒன்று கால் கிலோ ஈயம். பெட்டியில் சேர்ந்ததைப் பாதுகாப்பாக எடுத்து விற்றால் அட்டைச் செலவில் ஒரு பகுதி திரும்பும். பெரிய தொகையல்ல, ஆனால் எறிந்துவிடக் கூடியதும் அல்ல.

தவறிப்போனவர்களும் உண்டு. ஆள் குறைகிறது என்று மின்னணு இலக்குகளைக் கடன்பட்டு வாங்கினால் ஆபத்து. காகித அட்டை ஆள் வந்தால் மட்டும் செலவு. மின்னணு இலக்கு ஆள் வராவிட்டாலும் தவணை கேட்கும். நிரம்பி வழியும் தளத்துக்கு அது நன்மை, வெறுமையான தளத்துக்குச் சுமை. கடையில் வியாபாரம் விழுந்த வருடத்தில் கண்ணாடி முகப்புப் போடுபவரும் இதே தவறைத்தான் செய்கிறார்.

எண்ண வேண்டியது எதை?

அவுஸ்திரேலியாவின் சில மாநிலங்களில், போட்டிக்கென்று துவக்கு வைத்திருப்பவர் வருடத்தில் குறிப்பிட்ட தடவைகள் கழகத்தில் சுட்டிருக்க வேண்டும். இல்லையேல் அனுமதிப்பத்திரம் கேள்விக்குறியாகும். சட்டத்தின் நோக்கம் வேறு. ஆனால் அதனால் கழகங்கள் யார் அங்கத்தவர் என்பதை மட்டுமல்ல, யார் எத்தனை நாள் வந்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கழகத்தில் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கிறது. வரவுப் பதிவேடு கிடையாது. கடந்த நான்கு வாரமாக நானே ஒரு கொப்பி வாங்கி வைத்து எழுதினேன். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு இரவில் ஆறு பேருக்கு மேல் வந்ததில்லை. வந்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழ் ஒருவரும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிவர இடமில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். சந்தா அதிகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் கூட்டவில்லை அல்லவா!

இன்ஷா அல்லாஹ் அடுத்த கூட்டத்தில் மூன்று விடயங்களை முன்வைக்கப் போகிறேன். மண்டபத்தை வார நாட்களில் பகல் வேளையில் ரியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விடுவது. சந்தாவை இருந்தபடியே வைத்து, வரும் இரவுக்கு ஒரு சிறு கட்டணம் எடுப்பது. வெள்ளி இரவு பிள்ளைகளுக்கு இலவசமாகத் திறப்பது. பொருளாளர் சம்மதிப்பாரா தெரியாது. அவர் கணக்கில் பிழையில்லை. கணக்கில் ஒரு நிரல் குறைகிறது, அவ்வளவுதான்.

சகோதர வியாபாரிகளே, உங்கள் கடையிலும் இந்த நிரலை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எவ்வளவு விற்றது என்பதற்குப் பக்கத்தில், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று. விலையைக் கூட்டுவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம்.